ஊசி போட்ட பிறகு ‘நான்’ எங்கே போனேன்?

பெட்டாலிங் ஜெயாவும் கோலாலம்பூரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது இன்னமும் ‘யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி’தான். அங்கே என்றில்லை, எந்த மருத்துவமனையிலும் முழு மயக்கத்தில் அறுவை செய்துகொண்டு எழுந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

“என்ன மிஸ்ஸி, எப்ப ஆரம்பிப்பீங்க?”

“முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சும்மா.”

தூங்கி எழுந்தால் இப்படி இருக்காது. ஏழு மணி நேரம் தூங்கினால், ஏழு இல்லாவிட்டாலும் நெடுநேரம் போயிருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியும். நடுவில் புரண்டது, கனவு கண்டது, கொசு கடித்தது என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மயக்க ஊசியில் அப்படி எதுவுமே இல்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்; அடுத்த கணம் வேறு அறை, வேறு விளக்கு. நடுவில் இருந்த ஒரு மணி நேரம் மங்கலாகக்கூட இல்லை.

மாமாக் கடையில் தே தாரிக் வருவதற்குள் இதைப் பற்றி இரண்டு அணி சேர்ந்துவிடும். “உயிர் வெளிய போயிட்டுத் திரும்பி வந்திருக்கு” என்பார் ஒருவர். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, மூளைய நிப்பாட்டினா ஆளும் நின்னுடுவான்” என்பார் இன்னொருவர். இந்த அத்தியாயம் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறது. கொஞ்ச நேரத்துக்குத்தான், கடைசிவரை நடுவிலேயே உட்கார்ந்திருப்பதாக உத்தரவாதம் இல்லை.

முதலில் ஒரு சொல். பல் வலிக்கும்போது நரம்பு வேலை செய்கிறது, கை தாடையைப் பிடிக்கிறது. இவற்றோடு கூட, வலிக்கிறது என்பது உள்ளே நமக்குத் தெரிகிறதே, அந்தத் தெரிதலை இந்த நூலில் ‘நனவுணர்வு’ என்கிறேன்.

மூன்று கட்சிகள்

மாமாக் கடையில் இரண்டு கட்சிதான். உண்மையில் மூன்று உண்டு.

முதல் கட்சிக்கு உயிர் என்பது உடம்பில் குடியிருக்கும் ஆள். வீட்டைவிட்டு வெளியே வரலாம், கூரைமேல் நின்று தன் உடம்பையே பார்க்கலாம். பார்க்கக் கண்ணோ கேட்கக் காதோ அதற்குத் தேவையில்லை. கடைசிக் கட்சிக்கு, மூளை செய்யும் வேலைதான் நனவுணர்வு. வேலை நின்றால் அது இல்லை. எங்கும் போகவில்லை, இல்லை, அவ்வளவுதான்.

நடுவில் உள்ள கட்சி நம் வீட்டுச் சொத்து. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய ‘சிவஞானபோதம்’ பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்ட சிறிய நூல். அதன் மூன்றாம் நூற்பா உயிர் என்று ஒன்று தனியாக உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. ‘என் உடல்’ என்று சொல்கிறோம், ஆகவே உடல் வேறு, நான் வேறு என்பது ஒன்று. எனக்குப் பிடித்தது மற்றொன்று: தூங்கும்போதும் மூச்சு ஓடுகிறது, ஆனால் இன்ப துன்பம் நுகர்வதில்லை, ஆகவே மூச்சும் நான் அல்ல. மூச்சு நின்றால்தான் ஆள் போனான் என்று நினைத்த காலத்தில், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஆள் இல்லாமல் இருக்க முடியும் என்று கவனித்திருக்கிறார்கள். மயக்க மருந்து மருத்துவரும் இதையேதான் தினமும் பார்க்கிறார்.

இந்த நூலின் வழிவந்த சைவ சித்தாந்தம் அதோடு நிற்கவில்லை. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று ஐந்து நிலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உயிருக்கு மனம், புலன் போன்ற எத்தனை கருவிகள் துணை நிற்கின்றன என்று கணக்கும் வைத்திருக்கிறது: 35, 25, 3, 2, 1. கருவிகள் கழன்றால் உயிர் விடுதலை பெற்று மேலே பறக்கும் என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆணவம் என்ற அழுக்கு மறைத்திருப்பதால், கருவி இல்லாத உயிர் ஒன்றும் அறியாமல் இருளில் கிடக்கும் என்கிறது. ஆக, “ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை” என்று கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மா சொன்னால் முதல் கட்சிக்குத்தான் சங்கடம். நடுக் கட்சிக்கு அது எதிர்பார்த்த செய்தி.

இந்தக் கட்சிகளுக்கு நடுவே நடந்துபோன தமிழ் மருத்துவர் ஒருவர் மலாயாவிலேயே இருந்தார். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, 1913இல் கப்பலேறி வந்து, சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்ட மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். பத்தாண்டு தோட்டத்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு 1923இல் புறப்பட்டு, ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தர் ஆனார். பத்துமலையில் அவர் பெயரில் ஆசிரமம் இருக்கிறது. உடம்பு எப்படி நோவும், எப்படிச் சாகும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், ‘நான் இந்த உடம்பல்ல’ என்ற பக்கம் போனார். மருத்துவம் படித்தால் மூன்றாம் கட்சியில்தான் சேரவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

(பத்துமலை என்றதும் தைப்பூசமும் அலகும் நினைவுக்கு வரும். அருள் வந்தவருக்கு ஏன் வலி தெரிவதில்லை என்பது இதைவிட நீண்ட கதை. அதை வேறொரு அத்தியாயத்துக்கு வைத்திருக்கிறேன்.)

வெள்ளை மருந்து

நம் கிள்ளான் அம்மாவையே எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், வயது 62, பித்தப்பையில் கல். மேசையில் படுக்க வைத்தாயிற்று. கையில் ஊசி, விரலில் கிளிப், முகத்தருகே பிராணவாயு முகமூடி. மயக்க மருந்து மருத்துவர் ஒரு சிரிஞ்சை எடுக்கிறார். உள்ளே இருப்பது பால் போல வெள்ளையாக இருக்கும். அதன் பெயர் புரோப்போஃபால். மருந்து தண்ணீரில் கரையாது; ஆகவே சோயா எண்ணெயிலும் முட்டைக் கருவின் கொழுப்பிலும் கலந்து வைக்கிறார்கள். வெள்ளை நிறம் அந்த எண்ணெயால் வந்தது. இரத்தக்குழாயில் ஏறும்போது பலருக்குக் கை எரியும். “கொஞ்சம் எரியும்மா, ஆழமா மூச்சு இழுங்க.” அம்மா “எரியுது” என்று சொல்லத் தொடங்குகிறார். ஒரு நிமிடத்துக்குள் பேச்சு நின்றுவிடுகிறது.

என்ன நடந்தது? கையிலிருந்து இதயம், அங்கிருந்து மூளை என்று மருந்து போய்ச் சேர அரை நிமிடம் போதும். மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றையொன்று அடக்கவும் செய்கின்றன. அடக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது ‘காபா’ என்ற வேதிப்பொருள். புரோப்போஃபால் போய் உட்காருவது காபா வேலை செய்யும் வாயில்களில்தான். அங்கே உட்கார்ந்து அடக்கத்தைப் பல மடங்காக்குகிறது.

மூளை இதனால் அணைந்துவிடுவதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘மூளையை நிப்பாட்டினா’ என்று சொன்ன மாமாக் கடை நண்பர் இங்கே தவறுகிறார். தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால், விழித்திருக்கும்போது சிறிய, வேகமான, ஒழுங்கற்ற கிறுக்கல். மயக்கம் ஆழமானதும் பெரிய, மெதுவான அலைகள். ஒரு நொடிக்கு ஒன்றுக்கும் குறைவாக எழுந்து விழுகின்றன. நெற்றிப் பக்கத்தில் மட்டும் நொடிக்குப் பத்து என்ற சீரான தாளம். ஆக, செல்கள் வேலை செய்கின்றன, கூட்டமாகச் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே நேரத்தில் அடங்குகின்றன. ஒரு பகுதி சொல்வதை இன்னொரு பகுதி கேட்டுப் பதில் சொல்லும் அந்தப் போக்குவரத்துதான் அறுந்திருக்கிறது.

இது வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது.

தட்டிப் பார்த்தால்

2005இல் மார்செல்லோ மாசிமினி, ஜூலியோ தொனோனி முதலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து ஒரே ஒரு துடிப்பு கொடுப்பது. மண்டையோட்டைத் தாண்டி அது மூளைப் புறணியின் ஓர் இடத்தைத் தட்டும். பிறகு அந்தத் தட்டல் எங்கெங்கே போகிறது என்று மின்முனைகளால் பார்ப்பது. விழித்திருப்பவரின் மூளையில் அது ஓரிடத்தில் எழுந்து, பக்கத்துக்குத் தாவி, மறுபக்கம் போய், ஒரு நொடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் அதே தட்டல் தட்டிய இடத்திலேயே எழுந்து, அங்கேயே அடங்கிவிட்டது.

பின்னர் இதை ஓர் எண்ணாக்கினார்கள். நாம் ‘எதிரொலி எண்’ என்று வைத்துக்கொள்வோம். தட்டலுக்கு வந்த பதில் எவ்வளவு பரவலாகவும் எவ்வளவு பலவிதமாகவும் இருக்கிறது என்பதை 0க்கும் 1க்கும் இடையில் சொல்லும் எண் அது. விழித்திருப்பவர்களுக்கும் கனவு காண்பவர்களுக்கும் 0.31க்கு மேல், ஆழ்ந்த தூக்கத்திலும் மயக்கத்திலும் அதற்குக் கீழ்.

இதில் மிக நயமான சோதனை 2015இல் வந்தது. நலமாக இருந்த தன்னார்வலர்களுக்குப் புரோப்போஃபால், செனான் வாயு, கெட்டமின் என்று மூன்று வெவ்வேறு மயக்க மருந்துகள். மூன்றிலும் ஆள் அசையவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு மூவரும் ஒன்றுதான். ஆனால் எதிரொலி எண் புரோப்போஃபாலிலும் செனானிலும் விழுந்துவிட்டது; கெட்டமினில் விழவில்லை. எழுந்ததும் கேட்டார்கள். முதல் இரண்டு மருந்து வாங்கியவர்களும் ஒன்றும் தெரியாது என்றார்கள். கெட்டமின் வாங்கியவர்கள் நீண்ட, வண்ணமயமான கனவுக் கதைகளைச் சொன்னார்கள்.

உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதை உடம்பின் அசைவு காட்டவில்லை. எதிரொலி எண் காட்டியது. அதுவும் அவர் எழுந்து வாய் திறப்பதற்கு முன்பே.

நடுக் கட்சிக்காரர் இங்கே கையைத் தூக்குவார்; தூக்கவும் வேண்டும். வெளி உலகம் மூடி, உள்ளே நாடகம் ஓடுவது கெட்டமின் மயக்கம். அவருடைய கணக்கில் அது 25 கருவிகள் உள்ள கனவு நிலை. ஒன்றும் தெரியாத புரோப்போஃபால் மயக்கம் 3க்கும் கீழே. படிப்படியாகக் குறையும் எண்ணிக்கை என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருக்கிறது. மெய்கண்டாருக்கு மின்முனை தெரியும் என்று யாரும் இதைக் கொண்டு கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் தங்களையே கூர்ந்து கவனித்து ஒரு படிக்கட்டு கட்டினார்கள். இவர்கள் மூளையைத் தட்டி ஒரு படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். இரண்டும் சில படிகளில் ஒத்துப்போவது வியப்புக்குரியதும் அல்ல, அற்புதமும் அல்ல. பார்த்த பொருள் ஒன்றுதானே.

தெரியவில்லையா, மறந்துவிட்டதா?

‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று கிள்ளான் அம்மா சொல்வது அறுவை முடிந்த பிறகு. அதாவது, நினைவைக் கேட்டுச் சொல்கிறார். அந்த நேரத்தில் தெரிந்து, பிறகு மறந்திருந்தால்?

இந்தச் சந்தேகம் 1977இலேயே ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டன்ஸ்டால் என்ற மருத்துவருக்கு வந்தது. அறுவையின்போது நோயாளி அசையாமல் இருக்கத் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் தருவார்கள். ஆகவே உள்ளே விழிப்பு இருந்தாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. டன்ஸ்டால் செய்தது எளிமையான வேலை: அந்தத் தளர்த்தும் மருந்தைத் தருவதற்கு முன்பே, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ஒரு கையில் கட்டி இறுக்கிவிட்டார். மருந்து அந்தக் கைக்கு மட்டும் போகாது. பிறகு நோயாளியின் காதருகே குனிந்து, “நான் சொல்வது கேட்டால் என் கையை அழுத்துங்கள்.”

2017இல் பல நாடுகளில் 260 நோயாளிகளிடம் இதைச் செய்து வெளியிட்டார்கள். மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் போட்ட பிறகு கேட்டபோது 4.6 விழுக்காட்டினர் கையை அழுத்தினார்கள். இப்படி அழுத்துகிறவர்கள் பெரும்பாலும் பிறகு எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வாசகர் அறுவைக்கு நாள் குறித்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். அறுவை நடந்ததை எழுந்த பிறகு தாமாகவே சொல்லும் அளவுக்கு விழிப்பு ஏற்படுவது அரிது. 2014இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்த பெரிய கணக்கில் ஏறத்தாழ 19,000 மயக்கத்துக்கு ஒன்று.

ஆனால் நம் கேள்விக்கு அந்த அழுத்திய கைகள் முக்கியம். ‘நான் அங்கே இல்லை’ என்ற சாட்சியத்தை அப்படியே ஏற்க முடியாது என்று அவை சொல்கின்றன. இதையே வேறொரு பக்கத்திலிருந்து 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆய்வாளர் காட்டினார். சாலை விபத்துக்குப் பின் கண் திறந்து, எதற்கும் பதிலளிக்காமல் கிடந்த இளம்பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். ஸ்கேனில் அவர் மூளை, நலமானவர்கள் அதைக் கற்பனை செய்யும்போது வேலை செய்யும் அதே பகுதியில் வேலை செய்தது. 2024இல் வெளியான பெரிய ஆய்வில், சொன்னதற்கு உடலால் பதில் தராத 241 பேரில் நான்கில் ஒருவர் மூளையால் பதில் தந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு “இவருக்கு ஒண்ணும் தெரியாது” என்று பேசுகிற வழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

சுங்கை நிப்பாவில் விழுந்தவர்கள்

ஊசி இல்லாமலே ஆட்கள் மயங்கிய ஆண்டு ஒன்று இந்த நாட்டுக்கு உண்டு. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல் கிளம்பியது. முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்து, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்கு இறங்கியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் என்ற மருத்துவ ஆய்வாளர் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அது கிடைத்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு மூளைக் காய்ச்சல். 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள்.

யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 94 பேரைப் பற்றி அங்கிருந்த நரம்பியல் மருத்துவர்கள் எழுதியது உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அவர்களில் 55 விழுக்காட்டினருக்கு உணர்வு மங்கியது. கூடவே மூளைத்தண்டு பழுதுபட்டதன் அடையாளங்கள் தெரிந்தன. மூளைத்தண்டு என்பது பெருமூளைக்குக் கீழே, கழுத்தை நோக்கி இறங்கும் கட்டைவிரல் பருமனுள்ள பகுதி. மூச்சு, இதயத் துடிப்பு, விழிப்பு இவற்றைக் கவனிப்பது அதுதான். பெருமூளையில் சிறிய புண்கள் பல இடத்தில் வந்தும் விழிப்போடு இருக்கிறவர்கள் உண்டு. இந்தச் சிறு தண்டில் தவறான இடத்தில் அடிபட்டால் ஆள் விழுந்துவிடுவார்.

ஆக, நனவுணர்வுக்கு மூளை முழுவதும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. தண்டு எழுப்ப வேண்டும், புறணி தனக்குள் பேசிக்கொள்ள வேண்டும். ஒன்று கெட்டால் போதும்.

வானொலிக்காரர்களின் வாதம்

இவ்வளவையும் கேட்டுவிட்டு, முதல் கட்சியைச் சேர்ந்த கெட்டிக்காரர் ஒருவர் இப்படிச் சொல்வார்: “வானொலிப் பெட்டியை உடைத்தால் மின்னல் எஃப்எம் கேட்காது. அதனால் நிலையமே இல்லை என்று ஆகிவிடுமா? மூளை வெறும் பெட்டி. ஒலிபரப்பு வெளியிலிருந்து வருகிறது.” அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1898இலேயே, வானொலி வருவதற்கு முன்பே, இந்தப் பாணியில் வாதிட்டார். மூளை நனவுணர்வை உற்பத்தி செய்யவேண்டியதில்லை, வழிவிடலாம் என்றார். மட்டமான வாதம் அல்ல. இதுவரை சொன்ன எதுவும், மயக்க ஊசியும் நிப்பா கிருமியும் சேர்த்து, இதை உடைக்காது.

ஆனால் பெட்டி கெட்டால் என்ன ஆகும்? கரகரக்கும், குரல் தேயும், நிலையம் மாறும். செய்தி வாசிப்பவர் தம் தாயைத் தாய் இல்லை என்று நம்பத் தொடங்கமாட்டார். மூளை கெட்டால் அதுவே நடக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் விவரித்த நோயாளி ஒருவர் உண்டு. விபத்தில் தலையில் அடி. குணமாகி வந்தபின் அறிவு தெளிவு, பேச்சு தெளிவு. தாயைப் பார்த்தால் மட்டும், “அம்மா மாதிரியே இருக்கிறாள், ஆனால் வேறு யாரோ” என்பார். அதே தாய் தொலைபேசியில் பேசினால் உடனே அம்மாதான், சந்தேகமே இல்லை. ராமச்சந்திரனின் விளக்கம் இது: முகத்தைக் காணும் பகுதியிலிருந்து பாச உணர்வைக் கிளப்பும் பகுதிக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது, காதிலிருந்து அங்கே போகும் வழி அறுபடவில்லை. தெரிந்த முகங்களைப் பார்க்கும்போது நம் உள்ளங்கை நமக்கே தெரியாமல் லேசாக வியர்க்கும். அதை அளந்து பார்த்தபோது அந்த நோயாளிக்கு அந்த மாற்றம் எழவில்லை.

தாய் என்ற உணர்வைவிட உள்ளார்ந்த ஒன்று மனிதனுக்கு உண்டா? அதுவும் ஒரு பாதையின் வழியே வருகிறது, பாதையை வெட்டலாம். வானொலிக்காரர் இதற்கும் பதில் சொல்லலாம்: பெட்டி மிகச் சிக்கலானது, பாசம்கூடப் பெட்டியில்தான் இருக்கிறது என்று. அப்படியானால் நினைவு, மொழி, பாசம், கோபம், முகம் அடையாளம் காண்பது எல்லாவற்றையும் பெட்டிக்கே கொடுத்தபின், வெளியிலிருந்து வருவது என்ன?

நடுக் கட்சி இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும், அதுவே அதன் நேர்மை: கருவிகள் எல்லாம் உடம்போடு சேர்ந்தவைதான், மனமும் புத்தியும்கூடச் சடம், அறியும் தன்மை மட்டும் உயிரினுடையது. இதை எந்த ஸ்கேனும் மறுக்க முடியாது. நானும் மறுக்க முயலவில்லை. ஒரே ஒரு விலையை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்: கருவி இல்லாத அந்த உயிருக்குத் தன் பேரன் பெயர் தெரியாது. செத்த பிறகு தாத்தா மேலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஆறுதல் சொல்ல இந்தக் கட்சியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மூளைக் கட்சிக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. எந்த மருந்து, எந்தப் பாதை, எந்த எண் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் செல்கள் பேசிக்கொண்டால் ஏன் வலி ‘வலிக்க’ வேண்டும்? ஒன்றும் உணராமலே அந்தக் கணக்கெல்லாம் நடந்திருக்கலாமே? 1998இல் மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக், இன்னும் 25 ஆண்டில் மூளையில் நனவுணர்வின் தடத்தைத் தெளிவாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்று தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார். அதுவும் தடத்துக்கான பந்தயம்தான்; ‘ஏன்’ என்ற கேள்விக்கு யாரும் பந்தயம்கூடக் கட்டவில்லை.

கூரைக்கு அருகே ஒரு படம்

மிஞ்சியிருப்பது முதல் கட்சியின் நேரடிச் சாட்சியம்: செத்துப் பிழைத்தவர்கள்.

இவர்களின் கதைகளை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. தொகுத்துப் பார்த்தாலே போதும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சா, இயன் ஸ்டீவன்சனோடு சேர்ந்து 1986இல் வட இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களை வெளியிட்டார். மறுபிறப்புக்கும் மறுமைக்கும் கதவைத் திறந்தே வைத்திருந்த ஆய்வாளர்கள் இவர்கள். அந்த அனுபவங்களில் எமதூதர்கள் வருகிறார்கள், இழுத்துப் போகிறார்கள், அங்கே ஏட்டைப் புரட்டும் ஆள் ஒருவர். “இவன் இல்லையப்பா, வேறு ஆள்” என்ற மாதிரி ஏதோ குளறுபடி, திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்கர்களிடம் கேட்ட கதைகளில் இந்த அலுவலகத் தவறு வருவதில்லை. அங்கே செத்துப்போன உறவினர் வந்து, “உன் நேரம் இன்னும் வரவில்லை” என்று அனுப்புகிறார். ஊருக்கு ஊர் மேலுலக நிர்வாகம் மாறுகிறதா, அல்லது ஊருக்கு ஊர் மூளைக்குள் இருக்கும் கதை மாறுகிறதா? ஸ்டீவன்சன் வகையறா முதலாவதற்கும் இடம் உண்டு என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

மேலிருந்து தன்னைப் பார்ப்பதையும் மூளைக்குள்ளிருந்தே எழுப்பலாம். 2002இல் ஜெனீவாவில் ஒலாஃப் பிளாங்கே குழுவினர், வலிப்பு நோய்க்காக மூளையில் மின்முனை வைத்திருந்த பெண்ணுக்கு வலது பக்கத்தில், காதுக்கு மேலே பின்புறமாக ஓரிடத்தில் மின்சாரம் கொடுத்தார்கள். அவர் மேலே மிதந்து, கட்டிலில் கிடக்கும் தன் கால்களைப் பார்த்தார். மின்சாரத்தை நிறுத்தினால் அது நின்றது. திரும்பக் கொடுத்தால் திரும்ப வந்தது.

இதுவும் தீர்ப்பல்ல. மூளையால் ஒரு காட்சியை உண்டாக்க முடியும் என்பதால், அந்தக் காட்சி எப்போதுமே பொய் என்று ஆகாது. தீர்ப்பு வேண்டுமானால் வெளியே இருந்தவர் வெளியே இருந்த ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாம் பார்னியா என்ற மருத்துவர் அப்படி ஒரு சோதனையை அமைத்தார். பல மருத்துவமனைகளில் கூரைக்கு அருகே பலகை அடித்து, மேல்நோக்கி ஒரு படம் வைத்தார்கள். கட்டிலில் கிடப்பவருக்குத் தெரியாது, நிற்பவருக்கும் தெரியாது, மிதப்பவருக்குத் தெரியும். 2014இல் முடிவு வந்தது: இதயம் நின்ற 2,060 நிகழ்வுகள், பிழைத்தவர்கள் 330 பேர், பேச முடிந்தவர்கள் 140 பேர். பார்த்ததையும் கேட்டதையும் விவரமாகச் சொன்னவர்கள் 2 பேர். அந்த இரண்டு பேரும் பலகை இல்லாத இடத்தில் விழுந்தவர்கள்.

அறிவியலுக்குச் சில நேரம் இப்படியும் துரதிர்ஷ்டம் வரும். பார்னியா விடவில்லை. 2023இல் வெளியான இரண்டாம் ஆய்வில் பலகைக்குப் பதில் கணினித் திரை, காதில் ஒலிக்கும் சொற்கள், தலையில் மின்முனைகள். 567 பேருக்கு இதயம் நின்றது, 28 பேர் பேச முடிந்தவர்கள். நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகும், சிலருடைய மூளையில் விழிப்பை ஒத்த அலைகள் எழுந்து அடங்கின. ‘செத்த மூளை’ என்று நாம் நினைத்த நேரத்தில் மூளை முழுக்கச் செத்திருக்கவில்லை. காதில் சொன்ன சொற்களை ஒருவர் சரியாகச் சொன்னார். திரையில் வந்த படத்தைச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

நாளை ஒருவர் சொன்னால்? ஒரே ஒருவர், சரியான படத்தை, சாட்சிகள் முன்னிலையில் சொன்னால், இந்த அத்தியாயத்தின் பாதியை நான் கிழித்துப்போட்டுவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்; மனதார எழுதுவேன். மாமாக் கடையில் அடுத்த முறை இந்தப் பேச்சு எழும்போது, எதிரில் இருப்பவரிடமும் அதையே கேளுங்கள்: என்ன முடிவு வந்தால் உங்கள் கட்சியை விட்டு வருவீர்கள்?